இரவல் கொடுத்த வண்டி

அயலூரில் குடித்தனம் செய்வோர்க்கு இரவல் வாங்குவதும் இரவல் கொடுப்பதும் தவிர்க்க இயலாதவை. ஒரு டம்ளர் காப்பிப் பொடி, இட்டலித் தட்டு, விருந்தினர் வந்தால் இரண்டு மெத்தை, கொலுவுக்குப் படி கட்டப் பலகை என்று ஒருவர் வீட்டுப் பொருள் மற்றொருவர் வீட்டில் புழங்குவதே நம்மவர் ஒற்றுமைக்கு அடையாளம் என்று நாம் நம்பியிருந்தோம். தில்லிக்கு வந்த புதிதில், அண்டை வீட்டார் கொடுத்த கம்பளிப் போர்வைதான் நமது முதல் குளிர்காலத்தைக் கடத்தி வைத்தது. ஆகவே நம்மிடம் ஒரு கார் வந்து சேர்ந்தபோது அதையும் இட்டலித் தட்டைப் போலவே எண்ணியதில் வியப்பில்லை. தட்டு நசுங்கினால் தட்டி நிமிர்த்திக்கொள்ளலாம். கார் அப்படிப்பட்டதன்று என்பதை 2016ஆம் ஆண்டு ஜனவரி மாதத்தில் தெரிந்துகொண்டோம்.

மயூர் விஹாரில் நம் குடியிருப்பிலேயே ஓர் இளைஞர் வாடகைக்குத் தங்கியிருந்தார். தஞ்சைப் பக்கத்தவர், வேலைக்கென்று வந்தவர். "மாமா, மாமி" என்று உரிமையோடு பழகுவார். அவருடைய பெற்றோர் முதன்முறையாகத் தலைநகரைப் பார்க்க வருவதாக இருந்தது. மறுநாள் காலை தமிழ்நாடு எக்ஸ்பிரஸில் வந்து இறங்குகிறார்கள் என்றும், தாயாருக்கு முழங்கால் வலி என்றும், மூட்டை முடிச்சுகளுடன் அவர்களைக் குளிரில் நிறுத்தி வைக்க மனமில்லை என்றும் இரவு வந்து தயங்கித் தயங்கிச் சொன்னார்.

"காரை எடுத்துக்கொண்டு போ, தம்பி. இதற்குப் போய்த் தயங்குவதா? ஓட்டத் தெரியுமல்லவா?" என்று கேட்டோம்.

"ஊரில் அப்பாவின் சிநேகிதர் காரை நிறைய ஓட்டியிருக்கிறேன், மாமா" என்றார்.

சாவியைக் கொடுத்துவிட்டோம். கேட்க வேண்டிய கேள்வி ஒன்றே ஒன்று. அதை மட்டும் கேட்கவில்லை. கேட்டால் அவரை நம்பவில்லை என்று பொருளாகிவிடுமோ என்ற கூச்சமே காரணம்.

விடியற்காலைப் பனிமூட்டத்தில், குடியிருப்பை விட்டு வெளியேறிப் பெரிய சாலையில் திரும்பும் இடத்தில், முன்னே சென்ற சைக்கிள் ரிக்ஷாவின் மீது கார் மோதியது. ரிக்ஷாக்காரர் தூக்கி எறியப்பட்டார். கால் எலும்பு முறிந்தது. இளைஞர் ஓடிவிடவில்லை. அடிபட்டவரைத் தாமே தூக்கி ஆட்டோவில் ஏற்றி மருத்துவமனையில் சேர்த்துவிட்டு நமக்குத் தொலைபேசியில் சொன்னார். நாம் புது தில்லி ரயில் நிலையம் சென்றபோது, அவருடைய பெற்றோர் போர்வையைப் போர்த்திக்கொண்டு பெட்டியின் மேல் அமர்ந்திருந்தனர். மகன் வராததற்கு என்ன காரணம் சொல்வது என்று வழியெல்லாம் யோசித்தும் ஒன்றும் தோன்றவில்லை.

காவல் நிலையத்தில்தான் உண்மை வெளிப்பட்டது. அவரிடம் லைசென்ஸ் இருந்தது. ஆனால் மோட்டார் சைக்கிளுக்கு மட்டும் இருந்தது. கார் ஓட்டுவதற்கு அது செல்லாது.

அதுகாறும் இன்ஷூரன்ஸ் பத்திரத்தை நாம் படித்ததில்லை. ஆண்டுதோறும் பணம் கட்டுவோம், தாளை மடித்து வண்டிக்குள் வைப்போம், அவ்வளவே. அன்றிரவு கண்ணாடியைப் போட்டுக்கொண்டு வரிவரியாகப் படித்தோம். நம் நாட்டில் மோட்டார் இன்ஷூரன்ஸ் வண்டியைச் சார்ந்தது. இன்னார்தாம் ஓட்ட வேண்டும் என்று அது பெயர் குறித்துக் கட்டுப்படுத்துவதில்லை. உடையவரேயாயினும் பிறரேயாயினும், ஓட்டுபவர் அந்த வகை வண்டிக்குரிய, காலாவதியாகாத லைசென்ஸ் உடையவராக இருக்க வேண்டும். லைசென்ஸ் பெறத் தகுதியற்றவர் என்று விலக்கப்பட்டவராக இருத்தல் கூடாது. பழகுநர் லைசென்ஸ் உடையவரும் ஓட்டலாம். ஆனால் முழு லைசென்ஸ் பெற்ற ஒருவர் பக்கத்தில் அமர்ந்து கற்பிக்க வேண்டும்; வண்டியின் முன்னும் பின்னும் வெள்ளைப் பலகையில் சிவப்பு 'எல்' எழுத்து இருக்க வேண்டும். இவ்வளவும் நம் பத்திரத்தில் தெளிவாகவே அச்சிடப்பட்டிருந்தது.

நமது பாலிசி இரண்டு பங்கு கொண்டது. ஒன்று, நம் வண்டிக்கு நேரும் சேதத்துக்கானது; இது நம் விருப்பத்தைப் பொறுத்தது. மற்றொன்று, நம் வண்டியால் பிறருக்கு நேரும் தீங்குக்கானது; இது சட்டப்படி கட்டாயம். 1939ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்திலேயே இடம்பெற்று, 1946 ஜூலையில் நடைமுறைக்கு வந்த இக்கட்டாயம், இப்போதுள்ள 1988ஆம் ஆண்டுச் சட்டத்தின் 146ஆம் பிரிவில் தொடர்கிறது.

முதற்பங்கைப் பொறுத்தவரை கம்பெனியின் பதில் மூன்றே வரிகளில் வந்தது. ஓட்டியவருக்கு உரிய லைசென்ஸ் இல்லாமையால் நமது கோரிக்கை ஏற்கப்படவில்லை. முகப்பு விளக்கும் பானெட்டும் நம் செலவில் சீராயின. அது பெரிதன்று. ரிக்ஷாக்காரரின் கால்தான் பெரிது.

அவரை மருத்துவமனையில் பன்முறை சென்று கண்டோம். பீகாரில் தர்பங்காவைச் சேர்ந்தவர். நம்மைப் போலவே பிழைப்பைத் தேடித் தலைநகருக்கு வந்தவர். நமது ஊர் எவ்வளவு தூரம் என்று ஒரு நாள் கேட்டார். ரயிலில் இரண்டு இரவு என்றோம். "எங்கள் ஊருக்கு ஒரு நாள்தான். ஆனாலும் இந்தக் காலோடு எப்படிப் போய் நிற்பது?" என்றார். அதற்கு நம்மிடம் மறுமொழி இல்லை.

இழப்பீட்டு வழக்கு மோட்டார் விபத்துத் தீர்ப்பாயத்துக்குச் சென்றது. நம் வழக்கறிஞர் கெட்டிக்காரர். நேஷனல் இன்ஷூரன்ஸ் கம்பெனிக்கும் ஸ்வரண் சிங் என்பாருக்கும் நடந்த வழக்கில் 2004ஆம் ஆண்டு உச்ச நீதிமன்றம் அளித்த தீர்ப்பை எடுத்து விளக்கினார். ஓட்டியவரிடம் லைசென்ஸ் இல்லை என்று காட்டிவிட்டால் மட்டும் கம்பெனி தப்பிவிட முடியாது. வண்டியின் உடையவர் தக்க கவனம் எடுத்துக்கொள்ளாமல் வண்டியைக் கொடுத்தார் என்பதையும் கம்பெனியே மெய்ப்பிக்க வேண்டும் என்பது அத்தீர்ப்பின் சாரங்களில் ஒன்று. ஆகவே வழக்கறிஞர் குரலைத் தாழ்த்தி, "லைசென்ஸ் இருக்கிறதா என்று கேட்டீர்கள், இருக்கிறது என்று அவர் சொன்னார், நம்பிக் கொடுத்தீர்கள். அப்படித்தானே?" என்றார்.

அப்படியன்று. நாம் கேட்கவே இல்லை. கேட்டோம் என்று சொன்னால் பணம் தப்பும். ஆனால் நம்மை ஏமாற்றி வண்டியை வாங்கியவர் என்ற பழி அந்த இளைஞர் தலையில் விழும். அவர் நம்மிடம் பொய் ஏதும் சொல்லவில்லை. கார் ஓட்டத் தெரியுமா என்று கேட்டோம், தெரியும் என்றார். இருவரும் உண்மையே பேசி இருவரும் தவறு செய்தோம். கூண்டில் ஏறி, "கேட்கவில்லை" என்றே சொன்னோம்.

ரிக்ஷாக்காரருக்குக் கம்பெனி முதலில் பணம் கொடுத்துவிட வேண்டும் என்றும், பின்னர் அதை நம்மிடமிருந்து வசூலித்துக்கொள்ளலாம் என்றும் தீர்ப்பாயிற்று. வட்டியுடன் 2,80,000 ரூபாய். அவருக்குப் பணம் தாமதமின்றிக் கிடைத்ததில் நமக்கு ஆறுதலே. இளைஞர் முழுவதையும் தாமே தருவதாகச் சொன்னார், நாம் ஒப்பவில்லை. உரிமமின்றி ஓட்டியது அவர் பங்கு, கேளாமல் கொடுத்தது நம் பங்கு என்று சரிபாதியாகப் பிரித்துக்கொண்டோம். மாதம் 7,000 ரூபாயாக 20 மாதம் கொண்டுவந்து கொடுத்தார். கடன் அன்பை முறிக்கும் என்பார்கள். அந்த 20 மாதமும் மாமி அவரைச் சாப்பிடாமல் அனுப்பியதில்லை. எனினும், பழைய சிரிப்பு இரு பக்கமும் இல்லாதிருந்தது என்பதை மறைப்பதற்கில்லை.

பிற்காலத்தில் இவ்விஷயங்களை விசாரித்து அறிந்தபோது வேறொன்று நம்மை நடுங்க வைத்தது. அன்று அந்த இளைஞரின் உயிர் போயிருந்தால் என்னவாகியிருக்கும்? இரவல் வாங்கி ஓட்டுபவர் சட்டத்தின் பார்வையில் உடையவர் இடத்தில் நிற்பவராகக் கொள்ளப்படுகிறார் என்று நிங்கம்மா வழக்கில் 2009ஆம் ஆண்டு உச்ச நீதிமன்றம் தெளிவாக்கிவிட்டது. ஆகவே அவர் தாமே விபத்துக்குள்ளாகி இறந்தால், வழியில் போன அந்நியருக்குக் கிடைக்கும் இழப்பீட்டை அவர் குடும்பம் அவ்வண்டியின் கட்டாய இன்ஷூரன்ஸிலிருந்து கோர முடியாது. 2018 முதல் 15 லட்சம் ரூபாயாக உயர்த்தப்பட்டுள்ள தனிநபர் விபத்துக் காப்பும் வண்டியை ஓட்டும் உடையவருக்கே உரியது, இரவலர்க்கு அன்று. நம்பி வந்த பெற்றோர் பெட்டியின் மேல் அமர்ந்திருந்த காட்சி இன்றும் கண்முன் நிற்கிறது. நம் வண்டியைப் பிறர் அடிக்கடி ஓட்டுவார்களாயின், அவர்களுக்கென விபத்துக் காப்பு ஒன்று தனியே இருத்தல் நன்று.

அன்பர்கள் நினைவில் கொள்ளத்தக்கன இன்னும் சில உண்டு. லைசென்ஸ் இல்லாதவருக்கு வண்டியைக் கொடுப்பதே குற்றம். 2019ஆம் ஆண்டுத் திருத்தத்தின்படி உடையவருக்கு 5,000 ரூபாய் அபராதமோ, மூன்று மாதம் வரை சிறையோ, இரண்டுமோ விதிக்கலாம். பதினெட்டு வயது நிரம்பாத பிள்ளை ஓட்டிக் குற்றம் நேர்ந்தால் பெற்றோரோ உடையவரோ குற்றவாளியாகக் கருதப்படுவார். மூன்றாண்டு வரை சிறையும் 25,000 ரூபாய் அபராதமும் உண்டு. வண்டியின் பதிவும் 12 மாதம் ரத்தாகும். "பையன் நன்றாக ஓட்டுகிறான்" என்று பூரிக்கும் தந்தையர் இதை மறக்கலாகாது.

சொந்தக் காரை வாடகை வாங்கிக்கொண்டு கொடுத்தாலும், அதற்குரிய பாலிசி இல்லையேல், பாதுகாப்பு நீங்கும். பெட்ரோல் போட்டுத் திருப்பித் தரும் நண்பர் வேறு, நாளுக்கு இவ்வளவு என்று பணம் தருபவர் வேறு. எல்லாம் ஒழுங்காக இருந்து நண்பரால் சிறு சேதம் நேர்ந்து, கம்பெனியிடம் பணம் பெற்றாலும், இழப்பு நம்முடையதே. ஐந்தாண்டு கோரிக்கையின்றி ஓட்டிச் சேர்த்த 50 விழுக்காட்டுச் சலுகை, ஒரே கோரிக்கையால் அடுத்த ஆண்டு இல்லாமற் போகும். அயல்நாட்டிலிருந்து விடுமுறைக்கு வரும் மருமகனிடம் சாவியைக் கொடுக்குமுன், அந்நாட்டில் வாங்கிய சர்வதேச ஓட்டுநர் அனுமதி அவரிடம் உள்ளதா என்று பாருங்கள். ஐம்பத்தைந்து வயது கடந்த பெரியவர்களின் லைசென்ஸை ஐந்தாண்டுக்கு ஒரு முறை புதுப்பிக்க வேண்டும். அதன் தேதியையும் பார்க்க வேண்டும்.

சென்ற குளிர்காலத்தில் அந்த இளைஞர் மனைவியுடனும் குழந்தையுடனும் நம் இல்லத்துக்கு வந்தார். அவருடைய வண்டி பழுதுபார்க்கப் போயிருந்தது. மலைமந்திரில் குழந்தைக்கு முடி இறக்க வேண்டும். ஒன்றும் பேசாமல் சட்டைப் பையிலிருந்து லைசென்ஸை எடுத்து மேசைமேல் வைத்தார். நாமும் கூச்சப்படாமல் எடுத்து இரு பக்கமும் பார்த்தோம், காருக்கு உரியதுதான், தேதியும் இருந்தது. சாவியைக் கொடுத்தோம். வாங்கிக்கொண்டபோது அவர் சிரித்தார். பல ஆண்டுகளுக்குப் பின் கண்ட பழைய சிரிப்பு அது.