பதிவேட்டில் எழுதாத பெயர்

ஆறு ஆண்டுகளுக்கு முன், வட இந்தியப் பல்கலைக்கழகம் ஒன்றில் முதுகலை பயின்றுகொண்டிருந்தேன். மகளிர் விடுதியின் வாயில் இரவு ஒன்பது மணிக்கே பூட்டப்படுவதை எதிர்த்து, ஓரிரவு நாங்கள் சிலர் உள்ளே செல்ல மறுத்து வாசலில் அமர்ந்தோம். காவலர் பதிவேட்டை நீட்டினார். நான் ஒரு பொய்ப்பெயரை எழுதினேன். அருகிலிருந்த தோழி தன் பெயரையும் அறை எண்ணையும் எழுதினாள். அவளுக்கு ஒரு பருவம் முழுவதும் விடுதி மறுக்கப்பட்டது. எனக்கு எதுவும் நேரவில்லை.

இப்போது ஆய்வுக்காகச் சம்பாரண் வரலாற்றைப் படிக்கையில் அந்தப் பதிவேடு நினைவில் எழுகிறது. இருபது கட்டா நிலத்தில் மூன்று கட்டாவில் அவுரி பயிரிட்டே தீரவேண்டும் என்ற தீன்கட்டியா முறை அங்கே குடியானவர்களை நசுக்கி வந்தது. அதை விசாரிக்க 1917 ஏப்ரலில் சென்ற காந்தியை மாவட்டத்தைவிட்டு வெளியேறுமாறு அரசு பணித்தது. அவர் ஒளிந்துகொள்ளவில்லை; வெளியேற இயலாதென்று எழுதியே தெரிவித்தார். ஏப்ரல் 18 அன்று மோதிஹாரி நீதிமன்றத்தில், ஆணையை மீறியதைத் தாமே ஒப்புக்கொண்டார். நீதிமன்றம் தீர்ப்பைத் தள்ளிவைத்தது. சில நாட்களில் வழக்கு திரும்பப் பெறப்பட்டது.

அதன்பின் நடந்ததே என்னை அதிகம் உலுக்குகிறது. ஆயிரக்கணக்கான குடியானவர்கள், காவல்துறையினர் கண்முன்னே, தம் பெயரைச் சொல்லி வாக்குமூலம் அளித்தனர். 1918இல் சட்டமே அந்த முறையை ஒழித்தது.

சட்டத்தை மீறுவது மட்டுமே சட்ட மறுப்பு ஆகாது. திருடனும் சட்டத்தை மீறுகிறான். அநீதியான ஒரு விதியை வெளிப்படையாக மீறி, அதற்கான தண்டனையையும் ஏற்பவர், தமக்குச் சட்டத்தின்மேல் பகையில்லை என்பதை மெய்ப்பிக்கிறார். அதனால்தான் அவரது மறுப்பு ஊரின் மனச்சான்றைத் தொடுகிறது.

பெயரைத் தருவதன் விலை எல்லோருக்கும் ஒன்றல்ல என்பதையும் அறிவேன். பாரிஸ்டர் ஒருவர் இழப்பதும், குத்தகை நிலத்தை நம்பியிருக்கும் குடியானவர் இழப்பதும் சமமல்ல. குடும்பத்தின் முதல் பட்டதாரியான நான் உதவித்தொகை போய்விடுமே என அஞ்சினேன். அஞ்சுபவரை இகழ எனக்கு மனமில்லை. ஆனால் அந்தத் தோழியும் முதல் தலைமுறைதான்.

மறு ஆண்டு, பூட்டும் நேரம் பதினொன்றாயிற்று. அந்த இரண்டு மணி நேரத்தை நான் நூலகத்தில் செலவிட்டேன். அதற்கு விலை கொடுத்தவள் அவள். இதுவரை அவளிடம் இதைச் சொன்னதில்லை. இந்தப் பதிவை அவள் வாசிப்பாள்.