விரல் நுனியில் பஞ்சு

அம்மாவின் வலது கைச் சுண்டுவிரல் நுனி உள்பக்கமாக வளைந்திருக்கும். நிமிர்த்த முடியாது. சின்ன வயதில் நானும் தம்பியும் கேட்டபோதெல்லாம், "கதவு இடுக்குல மாட்டிக்கிச்சு" என்பார். பாட்டியும் அதையேதான் சொன்னார். அப்பாவுக்கும் அதுதான் தெரியும். 1981-இல் கல்யாணமாகிச் செங்கல்பட்டுக்கு வந்த அம்மா, 2014 வரை அந்தக் கதவுக் கதையை மாற்றவே இல்லை. ஒரு ஜோடிப் பழைய கையுறையை நான் வீட்டுக்குக் கொண்டுவந்த நாளில்தான் உண்மை தெரிந்தது.

நான் பழைய விளையாட்டுக் கையுறைகளைச் சேர்ப்பவள். பெரும்பாலும் கிரிக்கெட் விக்கெட் கீப்பர்கள் போடுவது. தெருவில் தம்பியும் அவன் நண்பர்களும் ஆடும்போது, சாக்கடையில் விழும் பந்தை எடுத்துக் கழுவிக் கொடுப்பது என் வேலை. கீப்பருக்குப் பின்னால்தான் எப்போதும் நிற்பேன். அந்தக் கையுறையை ஒரு தடவை போட்டுப் பார்க்கக் கேட்டதற்கு, "உனக்கு எதுக்குடி?" என்றார்கள். தபால் துறையில் வேலை கிடைத்து, என் சம்பளம் என் கைக்கு வந்த பிறகு நானே வாங்க ஆரம்பித்தேன்.

வெள்ளிக்கிழமை விடுமுறையாக அமைந்தால் பல்லாவரம் சந்தைக்குப் போய்விடுவேன். செங்கல்பட்டிலிருந்து மின்சார ரயில். வழியில் வரும் குரோம்பேட்டைக்கு அந்தப் பெயர் வந்ததே அங்கிருந்த குரோம் லெதர் கம்பெனியால்தான். தோல் பதனிட்ட ஊரைத் தாண்டிப் போய்ப் பழைய தோலைத் தேடுவேன். சந்தையில் தரையில் விரித்த தார்ப்பாய்களில் மிக்ஸி மோட்டார், பழைய போன், பூட்டு, பொம்மை எல்லாம் கிடக்கும். நடுவில் எங்காவது ஒரு கையுறை. குனிந்து எடுத்தால் கடைக்காரர் கேட்பார்: "பையனுக்கா மேடம்?" "எனக்கு" என்றால் ஒரு நிமிடம் பேச்சு வராது. பிறகு விலையைக் கூட்டிச் சொல்வார்.

ஒரு கையுறையின் வயதைக் கண்டுபிடிப்பது பெரிய வித்தை இல்லை. பொறுமைதான் வேண்டும். முதலில் முத்திரையைப் பார்க்க வேண்டும். பிரிவினைக்கு முன் இந்தியாவின் விளையாட்டுப் பொருட்கள் பெருமளவில் சியால்கோட்டில் தயாராயின. 1947-இல் அங்கிருந்து இடம்பெயர்ந்து வந்தவர்கள் ஜலந்தரிலும் மீரட்டிலும் தொழிலை மறுபடி தொடங்கினார்கள். ஆகவே ஒரே முத்திரையில் சியால்கோட்டும் இந்தியாவும் சேர்ந்திருந்தால் அது 1947-க்கு முந்தையது. அடுத்து, மணிக்கட்டில் இருப்பது வெறும் எலாஸ்டிக்கா, ஒட்டிப் பிரிக்கும் வெல்க்ரோவா என்று பார்க்க வேண்டும். உள்ளங்கை ரப்பரைத் தொட்டுப் பார்க்க வேண்டும். பந்து வழுக்காமல் இருக்கப் புள்ளி புள்ளியாக இருக்கும் அந்த ரப்பர், வயதானால் பிசுபிசுக்கும், இல்லையென்றால் வெடிக்கும். கடையின் துணிச்சீட்டு மிச்சமிருந்தால் அதிர்ஷ்டம். அதில் எனக்கு என் வேலை கைகொடுக்கும். பின்கோடு நடைமுறைக்கு வந்தது 1972 ஆகஸ்ட் 15 அன்று. 'மெட்ராஸ்-2' என்றிருந்தால் பெரும்பாலும் அதற்கு முன். 'மெட்ராஸ் 600 002' என்றிருந்தால் அதற்குப் பின், ஊர் பெயர் சென்னையாக மாறிய 1996-க்குள்.

2014-இல் நான் வாங்கிய ஜோடி இந்த இரண்டாவது வகை. ஜலந்தர் முத்திரை, ஆறு இலக்கப் பின்கோடு, எலாஸ்டிக் மணிக்கட்டு. 150 ரூபாய். ரயிலில் உட்கார்ந்து கையை உள்ளே விட்டேன். விரல்கள் நுனி வரை போகவில்லை. எலி ஏதாவது கூடு கட்டியிருக்கும் என்று பயந்து கையை எடுத்துவிட்டேன்.

வீட்டில் சாப்பாட்டு மேசையில் செய்தித்தாள் விரித்து வைத்திருந்தேன். அம்மா முறத்தோடு வந்தவர் நின்றார். ஒரு கையுறையை எடுத்து, பழக்கமானவர் போல விரல்களை ஒவ்வொன்றாக அழுத்தினார்.

"பஞ்சு வச்சிருக்கா பாரு" என்றார்.

வச்சிருக்கான் என்று சொல்லவில்லை. வச்சிருக்காங்க என்றும் சொல்லவில்லை. வச்சிருக்கா.

"எப்படிம்மா தெரியும்?"

"ஆம்பள கைக்குச் செஞ்சது. நம்ம விரல் பாதிதான் போகும். பந்து வந்து அடிச்சா வெறும் நுனி மடங்கிப் பின்னால போயிடும். அதான் நுனியில பஞ்சு அடைச்சுக்குவோம். உள்ள ரெண்டு உள்ளுறை போட்டுக்குவோம்."

அடைச்சுக்குவோம் என்றார். கூடத்தில் நாளிதழ் படித்துக்கொண்டிருந்த அப்பா தலையைத் தூக்கினார். "நீ ஆடியிருக்கியா?"

அம்மா முறத்தைக் கீழே வைத்தார். 1977 முதல் 1980 வரை சென்னையில் ஒரு பெண்கள் கல்லூரியில் படித்தபோது அவர் கல்லூரி அணியின் கீப்பர். மொத்த அணிக்கும் ஒரே ஒரு ஜோடிக் கையுறை. கடைசி வருடம் பயிற்சியின்போது பஞ்சு நகர்ந்து ஒதுங்கியிருந்த விரலில் பந்து பட்டது. விடுதியில் மஞ்சள் பற்றுப் போட்டுக் கட்டினார்கள். எலும்பு கோணலாகவே கூடியது. அடுத்த மாதம் பெண் பார்க்க வருகிறார்கள். பந்து ஆடி விரல் உடைந்தது என்றால் யார் கட்டுவார்கள் என்று பாட்டி அழுதிருக்கிறார். அன்று பிறந்ததுதான் அந்தக் கதவு.

அப்பா நல்லவர். "சொல்லியிருந்தா நான் என்ன வேணாம்னா சொல்லியிருப்பேன்?" என்றார். அம்மா பதில் சொல்லவில்லை. அவர் என்ன சொல்லியிருப்பார் என்பது இப்போது யாருக்குத் தெரியும்? சொல்லிப் பார்க்கும் தைரியத்தை ஒரு 21 வயதுப் பெண்ணுக்கு அந்தக் காலம் கொடுக்கவில்லை. அதுதானே விஷயம்?

அம்மா ஆடிய காலத்தை நினைத்துப் பாருங்கள். இந்தியப் பெண்கள் கிரிக்கெட் சங்கம் 1973-இல் உருவானது. 1976-இல் சென்னையில் பிறந்த சாந்தா ரங்கசாமியின் தலைமையில் இந்தியப் பெண்கள் முதல் டெஸ்ட் தொடரை ஆடினார்கள். அதே ஆண்டு பாட்னாவில் வெஸ்ட் இண்டீஸை வென்றார்கள். அந்த ஆண்டுகளில் இந்திய அணியின் கீப்பராக இருந்த ஃபவுசியா கலீலியும் சென்னைக்காரர்தான். முன்பதிவில்லாத பெட்டியில் பயணம், பொதுக் கூடத்தில் தரையில் தூக்கம் என்றுதான் அந்தத் தலைமுறை ஆடியது. ஆண்கள் வாரியத்தோடு பெண்கள் சங்கம் இணைக்கப்பட்டது 2006-இல்தான். தேசிய அணிக்கே இந்த நிலை என்றால், ஒரு கல்லூரி அணியின் கீப்பர் பஞ்சு அடைத்துக்கொள்ளாமல் வேறென்ன செய்வார்?

கிரிக்கெட் விதிப்படி களத்தில் நிற்கும் 11 பேரில் கீப்பர் ஒருவர் மட்டுமே கையுறை அணியலாம். பந்து கையைத் தாக்கும் என்று விதியே ஒப்புக்கொள்ளும் ஒரே ஆள் அவர். அந்த ஒருவரும் பெண்ணாக இருக்கலாம் என்று கையுறை செய்தவர்கள் நினைக்கவில்லை.

அதன் பிறகு என் தேடல் மாறியது. மாமல்லபுரம் ஒத்தவாடைத் தெருவில், வெளிநாட்டுப் பயணிகள் விட்டுப்போகும் புத்தகங்களையும் பைகளையும் விற்கும் ஒரு கடை இருந்தது. திருக்கழுக்குன்றம் வழியாகப் பேருந்தில் அடிக்கடி போவேன். அங்கே ஒருநாள் ஒரு பேஸ்பால் கையுறை கிடைத்தது. இடது கைக்கு மட்டுமானது, ஏனென்றால் வலது கை பந்தை எறிய வேண்டும். கடற்காற்றில் தோல் முழுக்கப் பூஞ்சை பிடித்திருந்தது. வெயிலில் வைக்காமல், நிழலில் ஒரு வாரம் உலர்த்தித் துடைத்தேன்.

பேஸ்பால் கையுறைக்கு வயது பார்ப்பதும் ஏறக்குறைய இப்படித்தான். விரல்கள் தனித்தனியாக இருந்தால் பழையது. தோல் வாரால் ஒன்றோடொன்று பின்னியிருந்தால் பிந்தையது. கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவே பின்னல் வலை வைக்கும் யோசனையைப் பில் டோக் என்ற பந்து வீச்சாளர் சொல்ல, ராலிங்ஸ் நிறுவனம் 1920-இல் அதைச் சந்தைக்குக் கொண்டுவந்தது. அன்றிலிருந்து பல காலம் அவர் பெயரிலேயே அது விற்றது. எனக்குக் கிடைத்ததிலும் உள்ளங்கையில் ஓர் ஆணின் கையெழுத்து அச்சாகியிருந்தது. அமெரிக்காவில் 1943 முதல் 1954 வரை பெண்களுக்கென்றே தொழில்முறை பேஸ்பால் லீக் நடந்திருக்கிறது. நூற்றுக்கணக்கான பெண்கள் ஆடினார்கள். ஆனால் நான் பார்த்த எந்தப் பழைய கையுறையிலும் ஒரு பெண்ணின் கையெழுத்து இல்லை.

பெயரை வைத்துத் தேடினால் நமக்கு ஆண்கள்தான் கிடைப்பார்கள். பெண்களைத் தேட வேண்டிய இடம் கையுறையின் உள்பக்கம். அடைத்த பஞ்சு, உள்ளே மடித்துத் தைத்த மணிக்கட்டு, குறுக்கப்பட்ட எலாஸ்டிக், புடவைக் கரையிலிருந்து கிழித்த நாடா. இதெல்லாம் சின்னப் பையன்கள் செய்ததாகவும் இருக்கலாம், மறுக்கவில்லை. அதனால் ஒன்றை வைத்து முடிவு செய்ய மாட்டேன். இரண்டு மூன்று தடயங்கள் சேர்ந்தால் மட்டுமே எழுதி வைப்பேன். என்னிடம் இருக்கும் 23 ஜோடிகளில் நான்கில் அப்படி எழுதியிருக்கிறேன்.

நீண்ட காலமாகச் சேகரிக்கும் ஓர் அண்ணன் அந்தப் பல்லாவரம் ஜோடியைப் பார்த்துவிட்டு, "பஞ்சையெல்லாம் எடுத்துட்டு, தோலுக்குக் கொஞ்சம் எண்ணெய் போடும்மா. நல்ல விலை போகும்" என்றார். அக்கறையோடுதான் சொன்னார். பஞ்சு அவருக்குக் குப்பை. சுத்தம் செய்தால் கையுறை அதன் 'அசல்' நிலைக்குத் திரும்பிவிடும். அதாவது, அந்தப் பெண் அதைத் தொடுவதற்கு முன்பிருந்த நிலைக்கு.

நான் எடுக்கவில்லை. பழைய பருத்தித் துணியில் சுற்றி, வேப்பிலை போட்டு, அட்டைப் பெட்டியில் வைத்திருக்கிறேன். மேலே ஒரு சீட்டு: 'ஜலந்தர். 1972-க்குப் பின். அணிந்தவர்: பெண். ஆதாரம்: எட்டு விரல்களில் பஞ்சு. அடையாளம் சொன்னவர்:' என்று எழுதி, அம்மாவின் முழுப் பெயர். கீழே 'விக்கெட் கீப்பர், 1977–80'. அம்மா கண்ணாடி போட்டு இரண்டு முறை படித்தார். இனிஷியலை மட்டும் திருத்தச் சொன்னார். கணவர் பெயரின் எழுத்தை எடுத்துவிட்டுத் தாத்தா பெயரின் எழுத்து. "அப்ப அதுதானே இருந்துச்சு?"

2025 நவம்பர் 2 இரவு, நவி மும்பையில் இந்தியப் பெண்கள் உலகக் கோப்பையை வென்றபோது நாங்கள் மூவரும் டிவி முன்னால் இருந்தோம். அப்பா கைதட்டினார். நான் அழுதேன். அம்மா ரிச்சா கோஷின் கைகளையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"கிளவுஸ் அளவா இருக்குல்ல?" என்றார்.