பறக்கும் குதிரை ஏறிய பையன்

உங்கள் வீட்டுக் குழந்தைகள் சாப்பாட்டையும் மறந்து, மந்திர சக்தி படைத்த சிறுவர்களின் கதையில் மூழ்கிக் கிடக்கிறார்களா? கோபித்துக் கொள்ளாதீர்கள். விடுமுறையில் அவர்களைக் கெடார்ப் பக்கம் அழைத்து வாருங்கள்.

விழுப்புரம் மாவட்டத்து ஊர் இது. வடக்கே செஞ்சி. மல்லாட்டை விற்ற பாட்டியிடம் செஞ்சிக்கு வழி கேட்டேன். “தேசிங்கு ராசா கோட்டைக்கா?” என்றாள், ஏதோ பக்கத்து வீட்டுப் பையனைச் சொல்வதுபோல!

டில்லியில் யாருக்கும் அடங்காத பாராசாரிக் குதிரையை, மீசை அரும்பும் வயதிலேயே அடக்கி ஆகாயத்தில் பறந்தவன் தேசிங்கு என்கிறது நாட்டுக் கதை. சரித்திரம் சொல்வது வேறு. தேஜ்சிங் என்ற அந்த வாலிபன், 1714-ல் ஆற்காட்டு நவாப் சாதத்துல்லா கானின் பெரும் படையைச் சொற்ப வீரர்களுடன் எதிர்த்து மாண்டபோது வயது 22. கல்யாணப் பந்தலிலிருந்து எழுந்தோடி வந்து அவனுடன் மடிந்தானாம், முஸ்லிம் தோழன் மகபத்கான். இளம் ராணி உடன்கட்டை ஏறினாள்; ராணிப்பேட்டை என்ற பெயர் அவள் நினைவாக வந்தது என்பார்கள்.

பாட்டி மல்லாட்டையை அளந்து போட்டுக்கொண்டே சொன்னாள்: “பறக்கிற குதிரை இருந்து என்னம்மா? புள்ளை வூடு திரும்பலியே!”

குழந்தைகள் குதிரையை நினைத்துக்கொண்டு திரும்பட்டும். தாய்மார்களுக்குப் பாட்டியின் பேச்சு போதும்.