எண்ணெய்த் தாச்சியும் காற்றுப் பெட்டியும்

எயார் ஃப்ரையர் ஒன்று வாங்குவதா, இல்லையா என்ற கேள்வி எங்கள் வீட்டில் ஏறத்தாழ இரண்டு மாதங்கள் நிலுவையில் இருந்தது. நாடாளுமன்றத்தில் ஒரு சட்டமூலம் குழுநிலைக்குப் போய்த் திரும்பி வருவதைப் போல அதுவும் இரவுச் சாப்பாட்டு மேசைக்கு வருவதும், விவாதிக்கப்படுவதும், திகதி குறிப்பிடப்படாமல் ஒத்திவைக்கப்படுவதுமாக இருந்தது.

வீட்டில் ஆறு பேர். நான், மனைவி, மகன், மருமகள், பேரப்பிள்ளைகள் இருவர். வெள்ளவத்தையில் அடுக்குமாடி வீடொன்றில் இருக்கிறோம். குசினியில் இருவர் நின்றால் மூன்றாமவர் வெளியே நிற்கவேண்டும். கடந்த வருடம் மனைவியின் இருதய நாடியொன்றில் அடைப்பு இருப்பது கண்டறியப்பட்டு ஸ்டென்ட் பொருத்தினார்கள். வீட்டுக்கு அனுப்பும்போது மருத்துவர் கால் மணிநேரம் அறிவுரை கூறினார். அதில் மகனின் காதில் நிலைத்து நின்றது, ‘எண்ணெயில் பொரித்த உணவைக் குறையுங்கள்’ என்ற ஒரு வாக்கியம் மாத்திரமே. அடுத்த வாரமே காலி வீதியில் ஒரு கடைக்குச் சென்று விலை விசாரித்துக்கொண்டு வந்துவிட்டான். ஆறு லீற்றர் கொள்ளளவு, 1,700 வாட், நாற்பத்திரண்டாயிரம் ரூபா.

நாற்பத்திரண்டாயிரம் ரூபா எனக்குச் சிறிய தொகை அல்ல. தனியார் பத்திரிகை நிறுவனங்களில் உழைத்தவர்களுக்கு ஓய்வூதியம் கிடையாது. ஊழியர் சேமலாப நிதியை ஒரே தடவையில் பெற்றுக்கொண்டு வீட்டுக்கு வந்தவர்கள் நாங்கள். அந்தப் பணம் ஒவ்வொரு மாதமும் சிறிதளவு கரைவதைப் பார்த்துக்கொண்டிருப்பவனுக்கு, ஒரு சமையல் இயந்திரத்தின் விலையைக் கேட்டதும் முதலில் எழுவது சந்தேகந்தான். அதேவேளை, மறுபக்கத்தில் இருப்பது மனைவியின் இருதயம். அந்த இரண்டையும் ஒரே தராசில் வைத்துப் பார்ப்பதற்கே மனம் கூசியது. ஆகவே விலையைப் பற்றிப் பேசுவதை விட்டுவிட்டு, அந்தப் பெட்டி உண்மையில் என்ன செய்கிறது என்று விசாரிக்கத் தொடங்கினேன். உறுதிப்படுத்தாத செய்தியை அச்சுக்கு அனுப்பாதே என்று பழக்கப்பட்ட தொழில் அல்லவா.

இந்த இயந்திரத்தைப் பெரிய அளவில் சந்தைக்குக் கொண்டுவந்தது நெதர்லாந்தின் பிலிப்ஸ் நிறுவனம். 2010இல் பெர்லினில் நடந்த மின்சாதனக் கண்காட்சியில் அறிமுகம் செய்தார்கள். பெயரில் ‘பொரித்தல்’ இருந்தாலும் உள்ளே பொரித்தல் எதுவும் நடப்பதில்லை. மேலே ஒரு மின்சூடாக்கிச் சுருள், அதற்கு மேல் ஒரு விசிறி, கீழே துளைகளிட்ட கூடை. இருநூறு பாகை செல்சியஸ்வரை சூடாகிய காற்று அந்த இடுக்கமான இடத்துக்குள் வேகமாகச் சுழல்கிறது. கேக் சுடும் ‘அவண்’ ஒன்றைச் சுருக்கி விசிறியைப் பெரிதாக்கினால் கிடைப்பது இதுவே. ‘மாமா, அது பொரிக்கிறதில்லை, வாட்டுறது’ என்று மருமகள் ஒரே வசனத்தில் சொல்லிமுடித்தாள். நான் பந்தி பந்தியாக வாசித்துத் தெரிந்துகொண்டதும் அவ்வளவுதான்.

ஆனால், அந்த ஒரு வசனத்துக்குள் பல விடயங்கள் அடங்கியுள்ளன. தாச்சியில் கொதிக்கும் எண்ணெய் உணவை எல்லாப் பக்கமும் ஒரே நொடியில் தொடுகிறது. காற்று அப்படித் தொடுவதில்லை. எண்ணெயுடன் ஒப்பிட்டால் அது மிக மெதுவாகவே சூட்டைக் கொடுக்கும். அதனால் எண்ணெயில் விழுந்த கணத்தில் இறுகவேண்டிய மா, காற்றில் இறுகுவதற்கு முன்னர் வழிந்துவிடும். மனைவியின் தங்கை தெகிவளையில் இருக்கிறார். அவரிடம் இருந்த இயந்திரத்தை ஒரு ஞாயிற்றுக்கிழமைக்கு இரவல் வாங்கிவந்து பரீட்சித்துப் பார்த்தோம். உழுந்து வடை மா கூடையின் துளைகளுக்குள் இறங்கி, மறுபக்கம் தாடி வளர்த்துக்கொண்டு நின்றது. பேரன் விழுந்து விழுந்து சிரித்தான். கத்தரிக்காய் இன்னும் மோசம். யாழ்ப்பாணத்துப் பொரித்த குழம்புக்குக் கத்தரிக்காய் எண்ணெயைக் குடித்து மெழுகுபோல் ஆகவேண்டும். இதில் அது செருப்புத் தோலாக வந்தது.

அறுக்குளா மீனோ என்னை வியக்க வைத்தது. மிளகாய்த்தூளும் மஞ்சளும் உப்பும் தேசிக்காய்ப் புளியும் பிரட்டி, தேக்கரண்டி எண்ணெய் தடவி வைத்த துண்டுகள், வெளியே மொறுமொறுப்பாகவும் உள்ளே ஈரமாகவும் வந்தன. மேலும், அடுக்குமாடி முழுவதும் மீன் பொரித்த மணம் பரவவில்லை. அயலவர்களுடனான உறவைப் பொறுத்தவரை இதுவும் ஒரு நன்மையே. வாழைக்காய் பரவாயில்லை. கட்லட் மிக நன்று. ஆனால் ஆறு பேருக்கு மீன் பொரிக்க இரண்டு தடவை கூடையை நிரப்பவேண்டி இருந்தது. முதற் கூடையைச் சாப்பிட்டவர்கள் எழும்பிப் போனபிறகே இரண்டாவது வந்தது. அது நாலு லீற்றர் இயந்திரம். இருவர் வாழும் வீட்டுக்கு அது போதும். எங்களைப் போன்ற வீட்டுக்கு ஆறு லீற்றருக்குக் குறைவாக வாங்குவது வீண் என்பது அன்றே தெரிந்துவிட்டது. வேப்பம்பூ வடகத்தைப் பரீட்சைக்குத் தர மனைவி மறுத்துவிட்டார். ‘இஞ்சாருங்கோ, என்ர வடகத்தை மட்டும் அதுக்குள்ள போட விடமாட்டன்’ என்றார். அதில் மேன்முறையீட்டுக்கு இடமிருக்கவில்லை.

அடுத்ததாக, ஒரு கொப்பியை எடுத்து முப்பது நாட்களுக்கு எங்கள் வீட்டில் என்ன பொரிக்கப்படுகிறது என்று குறித்துவந்தேன். பதினேழு தடவை தாச்சி அடுப்பில் ஏறியிருந்தது. மீன் ஆறு தடவை. கத்தரிக்காய், வாழைக்காய், பாகற்காய் என்று நாலு தடவை. அப்பளம், மோர்மிளகாய், வடகம் நாலு. வடையும் முறுக்கும் இரண்டு. கோழி ஒன்று. இயந்திரத்தால் ஈடுசெய்யக்கூடியவை தாராளமாகக் கணக்கிட்டாலும் ஒன்பது, பத்துக்கு மேலில்லை.

கொப்பியின் இன்னொரு பக்கத்தில் தேங்காய்களையும் எழுதினேன். ஒரு நாளைக்கு ஒன்றரைத் தேங்காய். 2025இன் தொடக்கத்தில் ஒரு தேங்காய் இருநூறு ரூபாவைத் தாண்டியபோது சற்றுக் குறைத்தோம். பிறகு பழைய நிலைக்கு வந்துவிட்டோம். தேங்காய்ப் பருப்பின் நிறையில் ஏறத்தாழ மூன்றிலொரு பங்கு கொழுப்பு. அதில் பெரும்பகுதி முதற் பாலோடு சொதிக்கும் குழம்புக்கும் போகிறது. சம்பலிலோ முழுவதும் அப்படியே இருக்கிறது. தேங்காய்க் கொழுப்பில் பத்தில் எட்டு ஒன்பது பங்கு நிறைவுற்ற கொழுப்பு. மருத்துவர் பேசிய அந்தக் கால் மணிநேரத்தில் அதிக நேரத்தை எடுத்துக்கொண்டதும் இதுதான். எங்கள் வீட்டின் கொழுப்பு தாச்சியிலிருந்து வருவதைவிடத் தேங்காய்த் திருவலையிலிருந்தே அதிகம் வருகிறது. நாற்பத்திரண்டாயிரம் ரூபாவுக்கு எந்தப் பெட்டியை வாங்கிவைத்தாலும் அது சொதியைத் தொடப்போவதில்லை. இதை மகனிடம் சொன்னபோது அவனது முகம் வாடிவிட்டது. தாய்க்காக ஏதாவது செய்யவேண்டும் என்று துடிக்கும் பிள்ளைக்குக் கடையில் வாங்கக்கூடிய ஒரு தீர்வு பெரிய ஆறுதல். முதற் பாலைக் குறை என்று தாயிடம் சொல்வது அவ்வளவு இலகுவான காரியமா?

கேள்வி அத்துடன் முடிந்துவிட்டது என்றே எண்ணினேன். அப்போதுதான் மருமகள் அந்தக் கொப்பியை வாங்கி, என் கணக்குக்குப் பக்கத்தில் சிவப்பு மையால் ஒரு நிரல் கீறினாள். தலைப்பு ‘கடை’. மாலையில் பிள்ளைகள் ரியூசன் முடிந்து வரும்போதும், மகன் வேலைவிட்டு வரும்போதும் பேக்கரியில் வாங்கிவரும் றோல்ஸ், பட்டிஸ், கட்லட் ஆகியவற்றை அதில் நிரப்பினாள். நாங்கள் ‘சோர்ட் ஈற்ஸ்’ என்று அழைக்கும் இந்தச் சிற்றுண்டிகள் முப்பது நாட்களில் இருபத்திரண்டு நாட்கள் எங்கள் வீட்டுக்கு வந்திருந்தன. தேநீருடன் மனைவியும் பாதி றோல் எடுத்துக்கொள்வார். வீட்டில் பொரித்ததல்லவே என்ற நினைப்பில் எவரும் அதைப் பொரியல் கணக்கில் சேர்த்திருக்கவில்லை. அந்த எண்ணெய் எத்தனையாவது நாள் எண்ணெய் என்பது கடைக்காரருக்கும் கடவுளுக்கும் மாத்திரமே தெரியும். இரவுக் கடமையில் இருந்த காலத்தில் நானும் பத்திரிகை அலுவலகத்துக்கு எதிரே இருந்த தேநீர்க் கடையில் நள்ளிரவு வடைகளை ஆயிரக்கணக்கில் தின்றவன்; அந்தத் தாச்சியின் அடி எந்த நிறத்தில் இருந்தது என்பது இப்போதும் கண்ணில் நிற்கிறது.

விவாதத்தின் போக்கு இந்த இடத்தில் மாறியது. வீட்டுத் தாச்சியை ஓய்வுபெறச் செய்ய அந்தப் பெட்டி தேவையில்லை. ஞாயிற்றுக்கிழமைகளில் இருபது முப்பது கட்லட்டும் றோல்ஸும் உருட்டிக் குளிரூட்டியில் உறையவைத்து, மாலையில் எண்ணெய் தடவிப் பன்னிரண்டு நிமிடத்தில் எடுக்கலாமென்றால், அந்த இருபத்திரண்டு நாட்களை அது மாற்றக்கூடும். வேலைவிட்டு ஆறு மணிக்கு வரும் மருமகளால் அந்த நேரத்தில் தாச்சி வைத்துப் பொரிக்க இயலாது. பன்னிரண்டு வயதுப் பேத்தியைக் கொதிக்கும் எண்ணெய்க்குப் பக்கத்தில் விடவும் முடியாது. ஆனால் இந்தப் பெட்டியை அவளே இயக்குவாள்.

இனி மின்சாரக் கணக்கு. 1,700 வாட் இயந்திரம் இருபது நிமிடம் இடைவிடாது இயங்கினால் அரை அலகுக்குச் சற்று அதிகமாகச் செலவாகும். சூடேறியபின் சுருள் அணைந்தணைந்து எரிவதால் உண்மையில் அதைவிடக் குறையும். எங்கள் பாவனைக்கு மாதம் பத்து, பன்னிரண்டு அலகு என்று மதிப்பிட்டேன். பார்வைக்கு அற்பமான தொகை. ஆனால் நம்நாட்டு மின்கட்டணம் படிக்கட்டு முறையிலானது என்பதை மறக்கலாகாது. அண்மைய ஆண்டுகளின் கட்டணப் பட்டியல்களில் 60, 90, 120, 180 அலகுகள் எல்லைக்கோடுகள். ஓர் எல்லையைத் தாண்டினால் நிலையான கட்டணமும் அடுத்த படிக்கு ஏறும். குறிப்பாக, 60 அலகுக்குள் சிக்கனமாக வாழும் குடும்பம் அந்தக் கோட்டைத் தாண்டினால் சலுகை விலையையே இழந்துவிடும். அத்தகைய வீட்டுக்கு இந்த இயந்திரம் வேண்டாம் என்றே சொல்வேன். நாங்கள் வழமையாக 105இற்கும் 110இற்கும் இடையில் நிற்பவர்கள். 120 எங்கள் இலட்சுமணன் கோடு.

செருகியைப் பற்றியும் சொல்லவேண்டும். கடைக்காரர் எவரும் இதைச் சொல்வதில்லை. பழைய வீடுகளில் உள்ள சிறிய வட்டத்துளை மின்செருகிகள் 5 அம்பியருக்கு உரியவை. 230 வோல்ற்றில் அது 1,150 வாட்தான். 1,700 வாட் இயந்திரம் ஏழு அம்பியருக்கு மேல் இழுக்கும். ஒரு ‘அடப்டரை’ப் போட்டு அந்தச் செருகியில் பொருத்தினால் இயந்திரம் ஓடத்தான் செய்யும், கூடவே சுவருக்குள் இருக்கும் வயரும் சூடாகும். எங்கள் குசினியில் இருந்தது அந்தச் சின்னச் செருகிதான். மின்னிணைப்பாளரைக் கூப்பிட்டுத் தனி வயர் இழுத்து 13 அம்பியர் செருகி பூட்டுவதற்கு மேலும் ஆறாயிரம் ரூபா சென்றது. ஆகவே இயந்திரத்தின் விலை நாற்பத்தெட்டாயிரம் என்று எழுதுவதே நேர்மையான செய்தியாகும்.

எனக்குள் கடைசிவரை இருந்த தயக்கம் வேறு. 2021 ஒக்டோபருக்கு முன்னர் 1,493 ரூபாவுக்கு விற்ற 12.5 கிலோ லிற்றோ சிலிண்டர், 2022 ஏப்ரலில் 4,860 ரூபாவாகியது, அதுவும் கிடைக்கவில்லை. வெற்றுச் சிலிண்டர்களைச் சங்கிலியால் பிணைத்து வீதியோரம் வரிசையில் வைத்துவிட்டுக் காத்திருந்தோம். மின்சார அடுப்புக்கு மாறலாமென்றால் மார்ச் இறுதியில் 13 மணித்தியாலம்வரை மின்வெட்டு. பின்னர், 2022 ஓகஸ்ட்டில் சராசரியாக 75 வீதமும் 2023 பெப்ரவரியில் 66 வீதமும் மின்கட்டணம் உயர்ந்தது. தொண்ணூறுகளில் மின்சாரமே அற்ற யாழ்ப்பாணத்தில் ஜாம் போத்தல் விளக்கில் வாழ்ந்த உறவினர்கள் எனக்கு இருக்கிறார்கள். இத்தனையையும் செய்தியாக எழுதியும் அனுபவித்தும் பார்த்தவனுக்கு, ஒரு வீட்டின் அடுப்பை ஒரே கம்பியில் கட்டிவைக்க மனம் வராது. ஆகவே எரிவாயு அடுப்பு தன் இடத்திலேயே இருக்கும், பலகணியில் உள்ள விறகடுப்பையும் எவரும் தூக்கி எறியக்கூடாது என்ற நிபந்தனையுடன் என் வாக்கை அளித்தேன்.

வாங்கி இப்போது இரண்டு மாதம். கூடையின் பூச்சு உரிந்துவிடும் என்பதால் தேங்காய்த் தும்பும் கம்பித் தும்பும் அதன் பக்கம் செல்லத் தடை. உருளைக்கிழங்கைக் கபிலநிறமாகும்வரை விடுவதும் இல்லை. மாப்பொருளை அதிக சூட்டில் வாட்டும்போது அக்ரிலமைட் என்ற வேதிப்பொருள் உருவாவதை 2002இல் சுவீடன் நாட்டு உணவு அதிகாரிகள் வெளிப்படுத்தினார்கள். எண்ணெயா காற்றா என்ற பேதம் அதற்கு இல்லை. பேக்கரிக்குப் போவது முற்றாக நின்றுவிடவில்லை. மழை நாட்களில் மகன் பையோடுதான் வருகிறான். ஆனாலும் இருபத்திரண்டு, ஏழாகியிருக்கிறது. வெள்ளிக்கிழமைகளில் தாச்சி ஏறுகிறது, வடகம் பொரிகிறது. மனைவி தாமாகவே முதற் பாலைப் பாதியாகக் குறைத்திருக்கிறார். ஏன் என்று எவரும் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை.

முதல் மாத மின்பட்டியலில் 118 அலகுகள். பேத்தி அதைக் குளிரூட்டியின் கதவில் ஒட்டி, 120ஐச் சுற்றிச் சிவப்பு வட்டம் போட்டு வைத்திருக்கிறாள்.