டவுன்லோடு பண்ணிட்டேன்னு சொன்னியேம்மா?

போன மாசம் எங்க அப்பா என்கிட்ட கேட்ட கேள்விதான் தலைப்பு. அதுக்கு நேரா பதில் சொல்லத் தெரியாம, ரெண்டு வாரம் சுத்திச் சுத்தி, கடைசியில ஒரு சிடி எழுதி முடிச்ச கதை இது. பி.காம். படிக்கிற பொண்ணு இந்தக் காலத்துல சிடி எழுதுறாளான்னு சிரிக்கிறவங்க சிரிச்சுக்கலாம். என் கிளாஸ்ல ஏற்கெனவே சிரிச்சாச்சு :-)

அப்பா கார் ஓட்டுறவர். சொந்த வண்டி, 2009-ல எடுத்த டாடா இண்டிகா. செங்கல்பட்டு ஜங்ஷன்ல ரயில் விட்டு இறங்குறவங்களைத் திருக்கழுக்குன்றம் வழியா மாமல்லபுரம் கொண்டுபோய் விடுறதுதான் முக்கால்வாசி சவாரி. சுமார் 30 கிலோமீட்டர். அந்த வண்டியில இருக்கிற செட்டுல ரேடியோ பாடும், சிடி பாடும், அவ்வளவுதான். பென்டிரைவ் சொருக ஓட்டை கிடையாது. புது செட்டு போடலாமேன்னு கேட்டா, "எஃப்.சி. முடிஞ்சா வண்டியையே குடுத்துடப் போறேன், அதுக்கு எதுக்கு வெட்டிச் செலவு"ன்னுடுவார்.

வண்டி வாங்கினப்போ எங்க மாமா (அம்மாவோட தம்பி) எழுதிக் குடுத்த சிடிங்கதான் இத்தனை வருஷமும் ஓடுச்சு. ஜிப் வெச்ச ஒரு கறுப்புப் பை, அதுல இருபது சிடி. மாமாகிட்ட அப்போ பி.எஸ்.என்.எல். பிராட்பேண்ட் இருந்தது. ராத்திரி 2 மணியிலேர்ந்து காலை 8 மணி வரைக்கும் எவ்வளவு இறக்கினாலும் கணக்குல சேராத பிளான். 2 மணிக்கு அலாரம் வெச்சு எழுந்து, பாட்டை இறங்கவிட்டுட்டு மறுபடி படுத்துப்பாராம். எழுதுற சாஃப்ட்வேர் பேரு நீரோ பர்னிங் ராம். ரோமாபுரி எரிஞ்சப்போ பிடில் வாசிச்சான்னு சொல்ற அந்த நீரோவை வெச்சுப் பண்ணின சிலேடை அது. ஐகானே எரியிற கொலோசியம். தெருவுல யார் கேட்டாலும் எழுதிக் குடுப்பார். காசு வாங்க மாட்டார், வெத்து சிடியை மட்டும் அவங்களே வாங்கிட்டு வரணும். பையில இருக்கிறதுல பாதி மோசர் பேர் சிடி. அந்தக் கம்பெனியே 2018-ல கடனுக்காக மூடி விக்கிற நிலைமைக்குப் போயிடுச்சு. சிடி இன்னும் பாடுது.

பாடுதுன்னா, எல்லாம் இல்ல. அப்பாவுக்குப் பிடிச்சது "ராஜா 3"ன்னு மாமா எழுதின தட்டு. 16 பாட்டு. போகும்போது பதினொண்ணு, மிச்சம் வரும்போது. திருக்கழுக்குன்றம் மலை தெரியும்போது நாலாவது பாட்டு வரணும். வரலைன்னா வழியில எங்கேயோ கேட் மூடியிருந்ததுன்னு அர்த்தம் (இது அப்பா ஜோக்). அந்த சிடி இந்த வருஷம் திக்க ஆரம்பிச்சது.

அப்பதான் நான் பெரிய மனுஷியாட்டம், "விடுப்பா, என் ஆப்புல இருக்கு"ன்னு அவர் போன்ல போட்டு, இருநூறு பாட்டு டவுன்லோடு பண்ணி, ஒரு சின்ன ஸ்பீக்கரும் வெச்சுக் குடுத்தேன். மாசச் சந்தா என் பாக்கெட் மணியில. ரெண்டு மாசம் நல்லா ஓடுச்சு. மூணாவது மாசம் பரீட்சை ஃபீஸ் கட்ட வேண்டி இருந்ததுல சந்தாவை விட்டுட்டேன். அப்பாகிட்ட சொல்லவும் மறந்துட்டேன். சவாரியில ஒரு குடும்பம் உட்கார்ந்திருக்கு, அந்தப் பெரியவர் "பழைய பாட்டு போடுங்களேன்"னு கேட்டிருக்கார். அப்பா போனைத் தட்டித் தட்டிப் பார்த்திருக்கார். இருநூறு பாட்டும் சாம்பல் கலர்ல செத்துக் கிடக்கு. ராத்திரி வீட்டுக்கு வந்து சட்டையைக் கழட்டிக்கிட்டே கேட்டார், கோபமே இல்லாம: "டவுன்லோடு பண்ணிட்டேன்னு சொன்னியேம்மா?"

பிசினஸ் லா பேப்பர்ல எனக்கு நல்ல மார்க். 1930-ம் வருஷ சரக்கு விற்பனைச் சட்டம் நல்லாவே தெரியும். காசு குடுத்தா பொருளோட உடைமை வாங்கினவன் கைக்கு மாறணும், அப்பதான் அது விற்பனை. ஆப்புல நான் குடுத்த காசுக்கு எதுவும் கை மாறல. கேட்டுக்கலாம்னு ஒரு அனுமதி, அதுவும் மாசாமாசம். போனுக்குள்ள இறங்கின பாட்டும் பூட்டுப் போட்ட ஃபைல்தான். அந்த ஆப்பைத் தவிர வேற எதாலயும் திறக்க முடியாது, சிடியில எழுதவும் முடியாது. மாமா ராத்திரி முழிச்சு இறக்கின பாட்டுக்கோ ராஜாவுக்கும் ஒரு பைசா போகல, கம்பெனிக்கும் போகல. 2004-ல தமிழ்நாட்டுல திருட்டு விசிடிக்காரங்களைக் குண்டர் சட்டத்துலயே சேர்த்தாங்க. மாமா வித்தது இல்லதான், ஆனா அது நியாயமான பாட்டுன்னும் சொல்ல மாட்டேன். காசு குடுத்த நான் வெறுங்கையோட நிக்கிறேன், குடுக்காத அப்பா பதினஞ்சு வருஷத்துக்கு மேல கேட்டாச்சு. இந்தக் கணக்கு எனக்கு இன்னும் டேலி ஆகல.

சரி, எழுதின கதைக்கு வருவோம். என் லேப்டாப்புல சிடி டிரைவ் கிடையாது. ஃப்ரெண்டோட அண்ணன்கிட்ட யூ.எஸ்.பி.யில மாட்டுற ரைட்டர் ஒண்ணை இரவல் வாங்கி, ரிச்சி ஸ்ட்ரீட் போய் அஞ்சு வெத்து சிடி வாங்கினேன். பழைய "ராஜா 3"-ஐ எக்ஸாக்ட் ஆடியோ காப்பின்னு ஒரு சாஃப்ட்வேர்ல படிக்கவிட்டேன். திக்கின இடத்தையே திரும்பத் திரும்பப் படிச்சுப் பார்க்கும், பொறுமைசாலி. சிடி உள்வட்டத்துலேர்ந்து வெளியே போற மாதிரிதான் பதியும், அதனால கடைசிப் பாட்டு விளிம்புல இருக்கும். விரல் படுறது, டேஷ்போர்டு வெயில், கடலோர ஈரம் எல்லாம் அங்கேதான் முதல்ல. 14 பாட்டு முழுசா வந்தது. 15, 16 ரெண்டும் போச்சு.

முதல் சிடியை வீணாக்கினேன். பதினாலு பாட்டையும் எம்பி3 ஃபைலா அப்படியே காப்பி பண்ணி எழுதிட்டேன். வண்டியில போட்டா செட்டு "எரர்"னு காட்டிட்டுத் துப்பிடுச்சு. ஷார்ஜாவுல இருக்கிற மாமாவுக்குப் போன் போட்டேன். சிரிச்சுக்கிட்டே, "டேட்டா சிடி எழுதியிருக்க பாப்பா. ஆடியோ சிடின்னு போடு. ஸ்பீடைக் குறைச்சு வெச்சு எழுது. மேல பால்பாயிண்ட் பேனாவால எழுதித் தொலைக்காத, மார்க்கர்"னார். தகடு அடியில இல்லியாம், லேபிளுக்கு நேர் கீழேதான் இருக்காம். கீறினா அந்தப் பக்கம்தான் சீக்கிரம் சாகும்.

ஏன் ரெண்டு விதம்னு படிச்சுப் பார்த்ததுல ஒண்ணு ரொம்பப் பிடிச்சது. ஆடியோ சிடியில ஒரு செகண்டுக்கு 44,100 தடவை, இடது வலதுன்னு ரெண்டு பக்கமும், ஒலியை அளந்து எண்ணா எழுதுறாங்க. ஒரு நிமிஷப் பாட்டுக்கு 10 எம்பிக்கு மேல ஆகும். அதே பாட்டு சாதாரண எம்பி3-ல 1 எம்பி. அதனாலதான் டேட்டாவா எழுதினா நூத்தம்பது பாட்டு, ஆடியோவா எழுதினா 80 நிமிஷம். அந்த 80 நிமிஷத்தைக் கூட்டிப் பார்த்தா 840 எம்பிக்கு மேல வருது! சிடியில 700-னுதானே போட்டிருக்கு? ஒவ்வொரு கட்டத்துலயும் 2,352 பைட் இடம். பாட்டுன்னா மொத்தமும் பாட்டுக்கே. டேட்டான்னா 2,048 மட்டும்தான். மிச்சம் 304 பைட் முகவரிக்கும், தப்பு இருந்தா கண்டுபிடிச்சுத் திருத்துறதுக்கும். பாட்டுல ஒரு துளி பிசகினா காதுக்குத் தெரியாது, கணக்குல ஒரு சைபர் பிசகினா கம்பெனி கவிழ்ந்துடும். எங்க அக்கவுண்ட்ஸ் மேடம் கேட்டா சந்தோஷப்படுவாங்க.

போன ரெண்டு பாட்டுல ஒண்ணு அம்மா பீரோவுல கிடைச்சது. கல்யாணமான புதுசுல அப்பாவே கடையில காசு குடுத்து வாங்கின ராஜா தொகுப்பு, கம்பெனி சிடி, பிளாஸ்டிக் டப்பாவோட. அதுலேர்ந்து 15-வது பாட்டை எடுத்தேன். 16-வது எங்கேயும் இல்ல. ஆப்புல இருக்கு. ஆனா அதை எடுத்து எழுத முடியாது. 8 மடங்கு ஸ்பீடுல வெச்சு, பக்கத்துலயே உட்கார்ந்து எழுதி முடிச்சேன். பத்து நிமிஷம் இருக்கும். திருப்பிப் பார்த்தா எழுதின இடம் வரைக்கும் ஒரு சாயல் கறுத்துத் தெரியும், விளிம்புல கொஞ்சம் வெத்தா மிச்சம். மேல மார்க்கர்ல "ராஜா 3".

ஞாயித்துக்கிழமை மாமல்லபுரத்துல இறக்கிவிடுற சவாரி ஒண்ணு. திரும்பி வரும்போது துணைக்கு இருக்கட்டுமேன்னு நானும் முன் சீட்டுல ஏறிக்கிட்டேன். நாலாவது பாட்டு சரியா மலைகிட்ட வந்தது. அப்பா ஒண்ணும் சொல்லல, கண்ணாடியில பின் சீட்டைப் பார்த்துக்கிட்டார். திரும்பி வரும்போது காலி வண்டி, 15-வது பாட்டு ஆரம்பிச்சது. அப்பா சவுண்டைக் கொஞ்சம் ஏத்தினார்.

"இதுல மட்டும் தபேலா தனியா கேக்குதே, என்னம்மா பண்ண?"

"அது நீங்க காசு குடுத்து வாங்கினதுப்பா. எம்பி3 ஆகாத பாட்டு."

பாட்டு முடிஞ்சது. அடுத்ததுக்காகக் கொஞ்ச நேரம் காத்திருந்தார். செட்டு மறுபடி ஒண்ணாவது பாட்டுக்குப் போயிடுச்சு.

"ஒண்ணு குறையுது"ன்னார்.

"ஆமாம்ப்பா, கிடைக்கல."

"மாமாகிட்ட கேட்டியா?"

இன்னும் கேக்கல. இன்னிக்கு ராத்திரி கேக்கணும்.