வலத்து மாடு

மாட்டு வண்டி பற்றி எழுத எனக்கிருக்கிற யோக்யதை ஒரு இரண்டாம் சனிக்கிழமையும் அதை அடுத்த ஞாயிறும்தான். இதற்கு முன்பு ஒரு முறை எழுதியிருக்கிறேன். ஒரு கவிதைத் தொகுதிக்கான மதிப்புரையில், வண்டி, கழுத்து மணி, சாயங்காலப் புழுதி என்று வருகிற வரிகளைச் சுட்டிக்காட்டி, இவை செலாவணி இழந்த படிமங்கள், டிராக்டரும் மினி லாரியும் வந்துவிட்ட ஊரில் வண்டியைப் பாடுவது ஒரு விதமான சோம்பல் என்று தீர்மானமாகச் சொல்லியிருந்தேன். அந்த அபிப்ராயத்தை இப்போதும் முழுக்கக் கைவிட்டுவிடவில்லை. அதைச் சொன்ன குரலின் மீதுதான் சந்தேகம் வந்திருக்கிறது.

காங்கயத்துக்கு வடக்கே, நத்தக்காடையூர்ப் பக்கம், என் தாய்மாமனுக்கு ஐந்து ஏக்கர். இரண்டு ஏக்கர் கிணற்றுப் பாசனம், மீதி கொறங்காடு. கொறங்காடு என்றால் மேய்ச்சலுக்கென்றே விட்ட நிலம்: சுற்றிலும் கிளுவை வேலி, உள்ளே கொழுக்கட்டைப் புல், நிழலுக்கு வெள்வேல மரங்கள். மாமாவுக்கு இடது கண்ணில் புரை எடுத்து ஒரு வாரம் ஆகியிருந்தது. தூசி ஆகாது, குனியக் கூடாது, பளு தூக்கக் கூடாது. மகன் வெளிநாட்டில். 'ரெண்டு நாள் வந்துட்டுப் போ கண்ணு' என்று அத்தை போனில் கூப்பிட்டாள். வங்கிகளுக்கு இரண்டாம், நான்காம் சனிகள் முழு விடுமுறையானது 2015 செப்டம்பரிலிருந்து. அந்த நாட்களை நான் படிப்பதற்கும், படித்ததைக் குறை சொல்வதற்கும் உபயோகித்து வந்தேன்.

சனிக்கிழமை நாலரை மணிக்கு எழுப்பிவிட்டார்கள். ஜெர்சிக் கலப்பு மாடு அத்தையின் பொறுப்பு. அந்தப் பால் ஆறு மணிக்குள் சொசைட்டிக்குப் போக வேண்டும். காங்கயம் பசுவின் பால் கொஞ்சம். கன்று குடித்தது போக மிஞ்சுவது வீட்டுக் காப்பிக்கு. செவலையாகப் பிறந்த கன்று இப்போது தோளிலும் முதுகிலும் சாம்பல் பூத்து நின்றது. இந்த இனத்துக் கன்றுகள் ஆறு மாதத்துக்குள் நிறம் மாறிவிடும். கட்டுத்தரையில் சாணி அள்ளினேன். சோளத்தட்டு வெட்டிப் போட்டேன். பஞ்சாரத்தைத் தூக்கிக் கோழிகளை விட்டேன். ஆட்டுப் பட்டியைத் திறக்குமுன் எண்ணச் சொன்னார்கள். சமீப வருஷங்களில் இந்தப் பக்கம் நாய்கள் பட்டிக்குள் புகுந்து ஆடுகளைக் கடித்துப் போடுவது வாடிக்கையாகிவிட்டது. எண்ணுவது என் தொழில், ஆனால் நோட்டுகள் ஒன்றன் மேல் ஒன்று ஏறி நிற்பதில்லை. மூன்று தரம் எண்ணி மூன்று விடை வந்தது. அத்தை திண்ணையிலிருந்து ஒரு பார்வை பார்த்துச் சரியான எண்ணைச் சொன்னாள்.

ஒன்பது மணிக்கு லாடக்காரர் வந்தார். மாட்டின் குளம்பு இரண்டாகப் பிளந்திருப்பதால் காலுக்கு இரண்டு தகடு, ஒரு மாட்டுக்கு எட்டு, ஜோடிக்குப் பதினாறு. மாட்டைக் கயிறு போட்டுச் சாய்த்து, நாலு காலையும் சேர்த்துக் கட்டி, தலையை ஒருவர் அமுக்கிக்கொள்ள வேண்டும். தலை என் பங்கு. வலத்து மாடு கிழடு. சாய்க்குமுன் தானே மடங்கிப் படுத்துவிட்டது. இடத்து மாடு நாலு பல் போட்ட இளசு. அதன் கண்ணுக்கும் என் முகத்துக்கும் ஒரு சாண் தூரம். அந்தக் கண்ணில் நான் தெரிந்தேன். அதை ஒரு வாக்கியமாக்கி மனசுக்குள் வைத்துக்கொள்ள ஆரம்பித்தபோது மாடு தலையை உதறியது, என் மூக்கில் ரத்தம். 'மாப்ள, புடிச்சா புடி. ரோசனை அப்பறம்' என்றார் மாமா.

இளசு வந்தது பழைய ஜோடி போன பிறகு. 2022-இல் தோல்கழலை நோய் பரவியபோது இடத்து மாடு உடம்பெல்லாம் கட்டிகளாகிச் செத்தது. இன்ஷூர் செய்த மாடுதான். ஆனால் காதில் குத்திய தோடு வேலியில் மாட்டி எங்கோ அறுந்து விழுந்திருந்தது. தோடு இல்லையென்றால் இழப்பீடு இல்லை என்பது விதி. அதை எங்கள் கிளையில் வேறு மாமாக்களுக்கு நானே எடுத்துச் சொல்லியிருக்கிறேன். காதில் தோடு இல்லாத மாடு கோப்பைப் பொறுத்தவரை சாகவில்லை. மாமா என்னிடம் அது பற்றி ஒரு வார்த்தை கேட்டதில்லை. இளசை வாங்கிக் கிழட்டோடு பூட்டினார். கூட நடந்து நடந்துதான் இளசு நுகத்துக்குப் பழகியது.

ஞாயிற்றுக்கிழமைகளில் பழையகோட்டையில் காங்கயம் மாடுகளுக்கென்றே சந்தை கூடுகிறது. சும்மா ஒரு நடை போய்வரலாம் என்றார் மாமா. ஜோடி பூட்டி எட்டு நாளாகியிருந்தது. சவாரி வண்டி என்று இங்கே சொல்கிற இலேசான வண்டி. விடியுமுன் பூட்டினோம். நுகத்தடியை நான் தூக்கிப் பிடிக்க, வலத்து மாடு தானே வந்து கழுத்தைக் கொடுத்தது. பூட்டாங்கயிற்றை மாட்டி, கடையாணியைத் தட்டிப் பார்த்து, கறுப்புக் கண்ணாடியும் தலையில் துண்டுமாக மாமா பக்கத்தில் உட்கார, கயிறுகள் என் கையில்.

முதல் இரண்டு மைல் எனக்கு ரொம்பவும் சந்தோஷமாக இருந்தது. அதை மறைக்க வேண்டியதில்லை. சக்கரத்தின் சத்தமும் பதினாறு தகடுகளின் சத்தமும் ஒன்றுக்கொன்று சேராமல், ஆனால் விலகிப் போகாமல் வந்தன. மண்தடம் முடிந்து தார் ரோடு. பின்னால் ஒரு டிப்பர் லாரி வந்து ஏர்ஹாரன் அடித்தது. இடத்து மாடு முன்னால் பாய்ந்தது. நான் இரண்டு கயிறுகளையும் பலம்கொண்ட மட்டும் இழுத்தேன். கிழடு எனக்குக் கட்டுப்பட்டு நின்றுவிட்டது, இளசு நிற்கவில்லை. ஒரு பக்கம் நிற்க மறுபக்கம் பாய, வண்டி வலப்புறம் திரும்பி நடு ரோட்டில் குறுக்காக நின்றது. லாரியின் பிரேக் சத்தம் முதுகுக்குப் பின்னால் கேட்டது. 'கயித்த உடு' என்றார் மாமா. கத்தவில்லை. விட்டேன். வலத்து மாடு இரண்டடி முன்னால் போய் ஜோடியோடு சேர்ந்துகொண்டு, கழுத்தால் நுகத்தைத் தள்ளி, இளசையும் வண்டியையும் எங்களையும் இடது ஓரத்துக்குக் கொண்டுபோய் நிறுத்தியது. லாரிக்காரர் ஏதோ சொல்லிவிட்டுப் போனார். அவர் சொன்னதில் நியாயம் இருந்தது.

பி.ஏ.யில் எங்களுக்குத் தாமஸ் ஹார்டியின் 'டெஸ்' பாடம். 1891-இல் வந்த நாவல். தகப்பன் குடித்துக் கிடக்க, தேன்கூடுகளைச் சந்தைக்குக் கொண்டுபோக டெஸ்ஸும் அவள் தம்பியும் இருட்டில் வண்டி ஓட்டுகிறார்கள். அவள் கண்ணயர்ந்துவிடுகிறாள். விளக்கு அணைந்துபோகிறது. எதிரே வந்த தபால் வண்டியின் ஏர்க்கால் குதிரையின் மார்பில் பாய்ந்துவிடுகிறது. பரீட்சையில் இதை விதி என்று எழுதி நல்ல மார்க் வாங்கினேன். ஓரத்தில் நின்றுகொண்டிருந்தபோது எனக்கு விதி ஞாபகம் வரவில்லை. விளக்குதான் ஞாபகம் வந்தது. மாமா வண்டியின் பின்பலகையில் சிவப்புப் பிரதிபலிப்பு ஸ்டிக்கர் ஒட்டியிருந்தார். லாரியின் வெளிச்சம் அதில்தான் முதலில் பட்டிருக்க வேண்டும். அந்தக் குதிரை ஒரு குடும்பத்தின் பிழைப்பு என்பதும், அது போனதால்தான் அந்தப் பெண் வேலை தேடிப் போகிறாள் என்பதும் நாவலில் வெளிப்படையாகவே இருக்கிறது. குறியீட்டைத் தேடிக்கொண்டிருந்ததில் அதை நான் வாசிக்கவில்லை.

சந்தையில் ஒரு தரகர் வந்தார். இளசின் வாயைத் திறந்து பல் பார்த்தார், சுழி பார்த்தார். துண்டுக்கடியில் மாமாவின் கையைப் பிடித்து விரல்களால் பேசினார். அவருக்கு இளசு மட்டும் போதும். ரேக்ளாவுக்கு ஆள் கேட்கிறார்கள். இந்தப் பக்கம் ரேக்ளா 200 மீட்டர், 300 மீட்டர் ஓடுபாதையில், கடிகாரம் வைத்து. 2014-இல் உச்ச நீதிமன்றம் ஜல்லிக்கட்டோடு வண்டிப் பந்தயத்தையும் தடை செய்தது. 2017-இல் மாநிலம் சட்டத்தைத் திருத்தியது. 2023 மே மாதம் அதே நீதிமன்றம் அந்தத் திருத்தத்தை ஏற்றுக்கொண்டது. துண்டுக்கடியில் விரல்கள் பேசிய விலைக்குப் பந்தயம்தான் காரணம். பந்தயம் இல்லையென்றால் இந்த மாடுகளை யார் வளர்ப்பார்கள் என்று ஒரு கட்சி. தார்க்குச்சி பட்ட தொடையைப் பார்த்தாயா என்று மறு கட்சி. இரண்டும் பொய்யில்லை. கிழட்டுக்கு அந்தச் சந்தையில் விலையே இல்லை. அதை ஏற்றிக்கொண்டு போகிற லாரி வேறு. அது எங்கே போகிறது என்பது எல்லோருக்கும் தெரியும்.

மாமா கையைத் துண்டிலிருந்து எடுக்காமலே என் பக்கம் திரும்பினார். 'மாப்ள, நீ படிச்சவன். சொல்லு.'

'வேண்டாமுங்க மாமா. ஜோடியப் பிரிக்கக் கூடாதுங்க' என்றேன். உடனே சொல்லிவிட்டேன். மதிப்புரைகளில் வருகிற அதே வேகம்.

'செரி. நாளைக்கி யாரு பூட்டறது? நீ வருவியா?'

அதில் குத்தல் இல்லை. கேள்வியாகத்தான் கேட்டார். மாதத்தில் இரண்டு சனிக்கிழமை எனக்கு லீவு என்றேன். 'மாட்டுக்கு ஏழு நாளும் வவுறு இருக்குதே' என்று சொல்லிவிட்டுத் தரகரிடம் கையை விடுவித்துக்கொண்டார். அன்றைக்கு விற்கவில்லை. அடுத்த வாரம் பேசலாம் என்று தரகர் போனார்.

நல்லது கெட்டது சொல்வதை நான் பெரிய காரியமாக நினைத்து வந்திருக்கிறேன். சொன்ன பிறகு சாணி அள்ள வேண்டிய கட்டாயம் ஒருபோதும் இருந்ததில்லை. இதற்காக விமர்சனமே வேண்டாம் என்று சொல்ல வரவில்லை. அது இன்னொரு சோம்பல். அந்தத் தொகுதியை ஊருக்குத் திரும்பியதும் மறுபடி படித்தேன். கவிதைகள் இப்போதும் மோசமாகத்தான் இருக்கின்றன. ஆனால் நான் சொன்ன காரணம் தப்பு. வண்டி வழக்கொழிந்துபோனது அவற்றின் குறை அல்ல. அந்த வண்டிகளை யாரும் ஓட்டவில்லை. கயிறு யார் கையிலும் இல்லை. லாடம் தேய்வதில்லை. மாடு கிழடாவதில்லை. என் மதிப்புரையிலும்தான்.

திங்கட்கிழமை கவுண்டரில் நோட்டு எண்ணும்போது உள்ளங்கையில் கயிறு அறுத்த இடம் எரிந்தது. கட்டு ஒன்றை இரண்டு தரம் எண்ண வேண்டியதாயிற்று. நாலாம் சனிக்கு வருகிறேன் என்று அத்தையிடம் சொல்லியிருக்கிறேன். அதற்கு முன்னால் ஒரு ஞாயிறு இருக்கிறது. அன்றும் சந்தை உண்டு.