ஆடு வைக்கக் கற்றல்

போரை வெறுக்கும் மனிதரும் போர் விளையாட்டை வெறுப்பதில்லை. சதுரங்கப் பலகையின் முன் அமரும்போது யானை, குதிரை, தேர், காலாள் என்னும் பழைய நாற்படையையே நாம் நடத்துகின்றோம். அப்பெயரின் பொருளும் அதுவே. ஆயின் கடந்த இரு நூற்றாண்டுகளில் மேனாடுகளில் இவ்விளையாட்டு வேறொரு வடிவமும் பெற்றது. உண்மையில் நிகழ்ந்த போரொன்றை எடுத்துக்கொண்டு, அது நடந்த நிலத்தைப் படமாக வரைந்து, அதிற் பங்குகொண்ட படைப்பிரிவுகளைச் சிறு அட்டைத் துண்டுகளாக்கி, நேரம், தூரம், உணவு, சோர்வு ஆகியவற்றையும் கணக்கிட்டு ஆடுவது வரலாற்றுப் போர் விளையாட்டு. அத்தகையதொன்றைக் கற்கப் புகுந்து, முதலிற் கைவிட்டு, பின்னர் வேறு வழியாற் கற்ற அனுபவத்தை இங்கு எழுத விழைகின்றேன். புதிதாகக் கற்க விரும்பும் நண்பர்களுக்கு இது சிறிது பயன்படலாம்.

எங்கள் விடுதியில் நண்பனொருவனின் மாமா வெளிநாட்டிலிருந்து ஒரு பெட்டி கொண்டுவந்து கொடுத்தார். 1815 ஜூன் 18 ஆம் திகதி நிகழ்ந்த வாட்டர்லூப் போரைப் பற்றிய விளையாட்டு அது. அறுகோணக் கட்டங்கள் நிறைந்த நிலப்படம், நூற்றுக்கு மேற்பட்ட அட்டைத் துண்டுகள், இரண்டு தாயக்கட்டைகள், நாற்பது பக்க ஆங்கில விதிநூல் ஆகியன அதனுள் இருந்தன. வரலாற்று மாணவன் என்ற காரணத்தால் விதிகளைக் கற்று விளக்கும் பொறுப்பு என் தலையில் விழுந்தது. அகராதியும் கையுமாக மூன்று இரவுகள் அந்நூலை முதற் பக்கம் தொடங்கி இறுதிப் பக்கம்வரை படித்தேன். நான்காம் இரவு ஆடத் தொடங்கினோம். அரை மணி நேரத்துள் எந்த விதி எங்கே செல்லும் என்பதில் மூவரும் மூன்று கட்சியானோம். பெட்டி மூடப்பட்டது.

என் ஆங்கிலம் போதாது என்றும், இத்தகைய விளையாட்டுகள் லயத்திலிருந்து வந்த எம்போன்றோருக்கு உரியன அல்ல என்றும் எண்ணிக்கொண்டேன். அவ்வெண்ணம் அந்தப் பெட்டியோடு நின்றிருந்தால் கவலையில்லை. விரிவுரையாளர் பரிந்துரைத்த ஆங்கில நூல்களை நூலகத்திற் கண்டபோதும் அதே எண்ணம் முன்னால் வந்து நின்றது. முதலத்தியாயத்தின் பாதியிலே நூலை மூடிவைப்பது எனக்கு வழக்கமாயிற்று.

விடுமுறைக்கு ஹட்டனுக்கு அப்பாலுள்ள எங்கள் தோட்டத்திற்குச் சென்றபோது, இஸ்தோப்பில் தாத்தா என் தம்பிக்கு ஆடுபுலி ஆட்டம் கற்றுக்கொடுத்துக்கொண்டிருந்தார். சீமெந்துத் தரையிற் கரித்துண்டாற் கோடு கீறப்பட்டிருந்தது. மூன்று புலிகளும் பதினைந்து ஆடுகளும் இருபத்து மூன்று புள்ளிகளும் கொண்டது அவ்வாட்டம். புலி ஆட்டைத் தாண்டிக் குதித்து வெட்டும். ஆட்டுக்கு வெட்டும் வல்லமை இல்லை. புலிகள் நகர வழியில்லாமற் சூழ்ந்து அடைப்பதே அதன் வெற்றி. ஆயின் தாத்தா தம்பியின் முன் வைத்திருந்தவை ஒரே ஒரு கல்லும் ஐந்து புளியங்கொட்டைகளுமே. ஏன் இப்படி என்று கேட்டேன்.

"எல்லாச் சட்டத்தையும் சொல்லிக்கிட்டே இருந்தா அவன் எப்பதான் ஆடுறது? இன்னிக்கு ஆடு வைக்கட்டும். வெட்டுப்பட்டா, எங்க வைக்கக் கூடாதுன்னு தானாத் தெரியும்" என்றார். தம்பி புலியைக் கேட்டு அடம்பிடித்தான். "புலிய அப்புறமா எடுக்கலாம். ஆடு வைக்கத் தெரியாதவனுக்குப் புலி ஓட்டவும் தெரியாது" என்று மறுத்துவிட்டார்.

நான் செய்த பிழை அக்கணமே விளங்கியது. மூன்று இரவுகள் நான் விதிகளைப் படித்தேனேயன்றி ஒரு துண்டையேனும் நகர்த்திப் பார்க்கவில்லை. குறை என் ஆங்கிலத்திலும் ஓரளவு இருந்தது. பெருமளவு என் முறையில் இருந்தது.

விடுதிக்குத் திரும்பியதும் புதிதாகத் தொடங்கினோம். முதலில் விதிநூலை ஒதுக்கிவைத்து, அப்போரின் கதையை அறிந்துகொண்டோம். முதல்நாள் இரவு பெய்த மழையால் நிலம் சேறாகி, நெப்போலியனின் தாக்குதல் முற்பகலின் பிற்பகுதிவரை தாமதித்தது. வெலிங்டன் மேட்டு நிலத்தில் நின்று தாங்கிக்கொண்டார். பிற்பகலிற் புளூக்கரின் பிரசியப் படை வந்து சேர்ந்தது. இக்கதை தெரிந்தபின் விதிகள் வெறுங் கட்டளைகளாகத் தோன்றவில்லை. ஒவ்வொன்றும் ஏன் எழுதப்பட்டது என்பது புலப்பட்டது.

அடுத்து, முழுப் போரையும் ஆடாமல் ஒரு மூலையை மட்டும் எடுத்துக்கொண்டோம். வெலிங்டனின் வலப்புறத்தில் ஹூகுமோன் என்னும் பண்ணை வீடு இருந்தது. நாள் முழுவதும் தாக்கப்பட்டும் அது வீழவில்லை. பக்கத்திற்கு நான்கு துண்டுகள் மட்டும் வைத்து, நகர்வு, தாக்குதல் என்னும் இரண்டே விதிகளுடன் அதனை ஆடினோம். குதிரைப்படையும் பீரங்கியும் பின்னர் ஒவ்வொன்றாக வந்தன. நான் எப்போதும் காவற் பக்கத்தையே எடுத்தேன். வெலிங்டனின் பணியும் ஆட்டின் பணி போன்றதே: வெட்டி வெல்வதன்று, உதவி வரும்வரை வழியை அடைத்து நிற்பது. தாக்குபவர் எல்லாவற்றையும் எண்ணவேண்டும். காப்பவருக்கு எதிரி வரும் வழியை எண்ணினாற் போதும். ஆதலின் தொடக்கத்திற் காவற் பக்கமே எளிது.

நான் அஞ்சிய விதிகள் சில உண்மையில் எனக்கு முன்பே தெரிந்தவை. சமதரைக் கட்டத்திற்கு ஒரு புள்ளி, மேட்டுக் கட்டத்திற்கு இரண்டு புள்ளி எனச் செலவாகும் என்கிறது நூல். கொழுந்துக் கூடையுடன் மலையேறி இறங்கும் தாயின் மகனுக்கு இதற்கு அகராதி வேண்டியதில்லை. இழப்படைந்த படைப்பிரிவின் துண்டைப் புரட்டிவைத்தால் அதன் வலிமை பாதியாகிவிடும். நிறை குறைந்த நாளில் அம்மாவுக்கு விழும் 'அரைப்பேர்' நினைவுக்கு வந்தது. அன்று முதல் எங்கள் அறையில் அத்துண்டுகளுக்கு அதுவே பெயர்.

உணவு வழி அறுந்த படை தளரும் என்ற விதிக்கும் நம் மலைநாட்டிலேயே சான்று உண்டு. 1803 பெப்ரவரியிற் பிரிட்டிஷார் கண்டி நகரைப் பெருஞ்சமரின்றிக் கைப்பற்றினர். மன்னன் நகரைவிட்டு முன்னரே விலகியிருந்தான். நகரில் விடப்பட்ட படை கரையோரத்திலிருந்து கணவாய்களால் துண்டிக்கப்பட்டு, நோயால் மெலிந்து, ஜூன் மாதத்திற் சரணடைந்தது. நகரைப் பிடித்த புலி அடைபட்ட கதை அது. இதனை ஒருமுறை எண்ணிப் பார்த்தவர் அவ்விதியை மறப்பதில்லை.

விதிகளை எல்லாரும் அறிந்திருக்கவேண்டும் என்பதுமில்லை. 1824 இற் பிரசியப் படை அதிகாரி ரைஸ்விட்ஸ் உருவாக்கிய போர் விளையாட்டில் ஆடுபவர் தம் ஆணைகளைத் தெரிவித்தார்கள். நடுவர் அவற்றை விதிப்படி கணித்து விளைவைச் சொன்னார். பின்னர் 1876 இல் வெர்டி டு வெர்னுவா என்னும் அதிகாரி, அனுபவமுள்ள நடுவரின் தீர்ப்பே போதும் என்று விதிகளைப் பெரிதும் விலக்கினார். எங்கள் மூவரில் ஒருவர் முறைவைத்து நடுவராகி நூலைக் கையில் வைத்துக்கொண்டதும் பழைய சச்சரவு தீர்ந்தது. ஒவ்வோர் ஆட்டத்தின் பின்னும் தோற்றவர் தோல்வியின் காரணத்தை ஒரு வரியிற் குறிப்பேட்டில் எழுதவேண்டும் என்றும் வைத்துக்கொண்டோம். அக்குறிப்பேட்டில் என் கையெழுத்தே மிகுதி.

ஒன்று சொல்லவேண்டும். ஓர் அட்டைத் துண்டு என்பது நூற்றுக்கணக்கான மனிதர். அவர்கள் பெயர் அதில் இல்லை. எண் மட்டுமே உண்டு. பிரட்டுக்களத்தில் தம் முன்னோர் எண்ணப்பட்ட கதையைக் கேட்டு வளர்ந்தவன் இதனை மறந்து ஆட இயலாது. துண்டொன்றைப் பலகையிலிருந்து எடுக்கும்போது என் கை சற்றுத் தயங்கும். அத்தயக்கம் வரலாற்று மாணவனுக்கு நல்லதென்றே கருதுகின்றேன்.

மூடிவைத்த ஆங்கில நூலையும் அதே முறையில் மீண்டும் எடுத்தேன்: முதலில் அந்நூல் கூறும் நிகழ்ச்சியைத் தமிழில் அறிந்து, பின்னர் ஓர் அத்தியாயம், அதிலும் ஒரு வினா. இன்னும் மெதுவாகவே படிக்கின்றேன். ஆயின் பாதியில் மூடுவதில்லை.

கடந்த விடுமுறையிற் பெட்டியை வீட்டுக்குக் கொண்டுசென்று இஸ்தோப்பில் விரித்தேன். தாத்தா படத்தை நெடுநேரம் பார்த்துவிட்டு, "இதுல ஆடு எது?" என்று மட்டும் கேட்டார். மேட்டில் நின்ற வெலிங்டனின் வரிசையைக் காட்டினேன். தம்பியை அப்பக்கம் உட்காரச் சொன்னார்.

இப்போது எங்கள் விடுதியில் அவ்விளையாட்டைக் கற்கப் புதியவர் எவரேனும் வந்தால் நாங்கள் விதிநூலை நீட்டுவதில்லை. நான்கு துண்டுகளைக் கையிற் கொடுத்து, பண்ணை வீட்டைக் காட்டி, இதனைக் காத்துத் தாருங்கள் என்கின்றோம்.